பாடறவங்க தப்பினா

1

எங்கள் சாப்பாட்டு மேஜை மேல் இரண்டு நாளாக ஒரு தாள் கிடக்கிறது. என் மகள் நித்யாவின் பள்ளியிலிருந்து வந்த தாள். வருகிற வெள்ளிக்கிழமை அவர்களுடைய பேண்டு கச்சேரி. ஒவ்வொரு பிள்ளையும், தான் வாசிக்கிற வாத்தியத்தை ஏன் எடுத்தேன் என்று நாலு வரி எழுத வேண்டுமாம். அதையெல்லாம் அச்சடித்து, கச்சேரிக்கு வருகிறவர்கள் கையில் கொடுப்பார்களாம். பெற்றோர் படித்துப் பார்த்துக் கீழே கையெழுத்துப் போட வேண்டும்.

நித்யாவுக்குப் பன்னிரண்டு வயது. கிளாரினெட் வாசிக்கிறாள். அவள் இங்கிலீஷில் எழுதியதைத் தமிழில் சொன்னால் இப்படி வரும்: "என் தாத்தா தென்னிந்தியாவில் கோயில்களில் கிளாரினெட் வாசித்தவர். அவர் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தபோது இருவரும் சேர்ந்து ஒரு ஜாஸ் ஆல்பத்தைத் தினமும் கேட்டோம். அதனால்தான் நான் இதை எடுத்தேன்."

இதில் கோயில் என்பது பொய். அவளுடைய பொய் இல்லை, என்னுடையது. கச்சேரிக்கு என் பழைய மேலாளர் வால்ட்டரும் அவர் மனைவியும் வருகிறார்கள். நித்யாவே கூப்பிட்டிருக்கிறாள். அவர் எதையும் எழுத்து விடாமல் படிக்கிற ஆள். நான் இப்படியே கையெழுத்துப் போட்டால் பொய் அச்சில் ஏறிவிடும். திருத்தினால், நாலு வருஷத்துக்கு முன்பு அவர் வீட்டில் சாப்பிட்டுவிட்டு அவர் முகத்தைப் பார்த்தே நான் பொய் சொன்னேன் என்பது அவருக்குத் தெரிந்துவிடும்.

நாளைக்கு அப்பா செத்து மூன்று வருஷம் முடிகிறது. இந்தக் குறிப்பை அதற்காகத்தான் எழுத உட்கார்ந்தேன். பிறந்த ஊர், பெற்ற தகப்பன் என்று இரண்டு பக்கம் எழுதி, ஊரில் வருகிற ஆரணி மலர் பத்திரிகைக்கு அனுப்புவது என் வழக்கம். இந்த முறை தாள் பக்கத்திலேயே கிடப்பதால் பேனா வேறு பக்கம் போகவில்லை.

2

ஆரணியில் இதைப் படிக்கிற உங்களில் பலருக்கு என் அப்பாவைத் தெரியும். உங்கள் வீட்டு நல்லதுக்கும் கெட்டதுக்கும் அவர் வாசித்திருக்கிறார். சிவப்புக் கோட்டு, தோளில் மஞ்சள் குஞ்சம், கையில் கிளாரினெட். காலனியிலிருந்து வந்த பேண்டு செட்டில் முதல் வரிசையில் நின்றவர். அவருடைய அப்பா பறை அடித்தவர். இவர் கிளாரினெட்டுக்கு மாறினார். வீட்டில் நாங்கள் அவரை நைனா என்றுதான் கூப்பிடுவோம். எழுதும்போது மட்டும் அப்பா என்று வருகிறது. அதுவும் நான் பழகிக்கொண்டதுதான்.

இங்கே ஓஹாயோவில் யாருக்கும் இது தெரியாது. தமிழ்க் குடும்பங்கள் கூடுகிற இடத்தில் "எந்த ஊர்?" என்று கேட்பார்கள். ஆரணி என்றதும், "ஓ, பட்டுக்காரங்களா?" என்பார்கள். நான் முதல் தடவை சிரித்தேன். சிரித்ததை ஆமாம் என்று எடுத்துக்கொண்டார்கள். அடுத்த தடவை ஊருக்குப் போனபோது நாலு பெண்கள் தங்களுக்குப் புடவை எடுத்து வரச் சொன்னார்கள், "உங்க கடையிலதானே" என்று. பெரிய கடைத் தெருவில் எல்லாரையும் போல நின்று பேரம் பேசி வாங்கி வந்து, எங்கள் தறியில் நெய்த மாதிரி கொடுத்தேன். என் மனைவி மாலதி தலையில் அடித்துக்கொண்டாள்.

பொய் அங்கே ஆரம்பிக்கவும் இல்லை. தொண்ணூற்று ஏழில் இங்கே வருவதற்காக நிரப்பிய படிவத்தில் தகப்பனார் தொழில் என்ற கட்டத்தில் விவசாயம் என்று எழுதினேன். நடவுக்கும் அறுப்புக்கும் அப்பா கூலிக்குப் போவார், அதனால் முழுப் பொய் இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அதற்கும் முன்னால் ஒன்று உண்டு. நான் வேலூரில் படித்தபோது கூடப் படித்தவனுடைய அக்கா கல்யாணம் ஆரணியில் நடந்தது. பட்டு வியாபாரிகள் வீடு. நண்பர்கள் பத்துப் பேர் இஸ்திரி போட்ட சட்டையோடு வாசலில் நின்றுகொண்டிருந்தோம். மாப்பிள்ளை ஊர்வலம் வந்தது. முன்னால் அப்பா. என்னைப் பார்த்தார். அவர் கண்ணை எடுத்து எதிரே இருந்த பந்தல் மேல் வைத்துக்கொண்டு, வாசித்தபடியே என்னைத் தாண்டிப் போய்விட்டார். வீட்டுக்கு வந்த பிறகும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. தப்பித்தேன் என்று அன்றைக்கு நான் நிம்மதிதான் பட்டேன். இப்போது அதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

3

அந்த ஆல்பத்தை எனக்குக் கொடுத்தவர் வால்ட்டர். நான் வேலைக்குச் சேர்ந்த முதல் குளிர்காலத்தில், கிறிஸ்துமஸ் பரிசாக. நீல அட்டையில் ஒருவர் கிளாரினெட்டை மடியில் வைத்துக்கொண்டு கண்ணை மூடி உட்கார்ந்திருப்பார். உள்ளே பன்னிரண்டு பழைய பாட்டுகள். எல்லாம் மெதுவானவை. வாசிக்கிற குழு ஒன்றுதான்; பாட்டுக்குப் பாட்டு ஒரு விருந்தாளி வந்து பாடிவிட்டுப் போவார்.

வால்ட்டர் கறுப்பினத்தவர், நியூ ஆர்லியன்ஸ்காரர். அதைக் கையில் கொடுத்துவிட்டு, "இதெல்லாம் ஸ்டாண்டர்ட்ஸ்" என்றார். தலைமுறை தலைமுறையாக எல்லாரும் எடுத்து வாசிக்கிற பாட்டுகளுக்கு அப்படிப் பெயர் என்று எனக்கு எங்கே தெரியும்? நம் ஊரில் அரிசியோ பட்டோ தரம் பார்த்துச் சொல்கிற மாதிரி நினைத்துக்கொண்டு, "எஸ் சார், வெரி குட் ஸ்டாண்டர்ட்" என்றேன். அன்றிலிருந்து என் வேலை ஏதாவது சரியாக வந்தால், "வெரி குட் ஸ்டாண்டர்ட்" என்று அவர் என் தோளைத் தட்டுவார்.

காரில் வேறு எதுவும் இல்லாததால் அதையே போட்டுக் கேட்டேன். ஆறு வருஷம் கேட்டேன். பாடினவர்கள் நிதானமாகப் பாடியதால் இங்கிலீஷ் கொஞ்சம் பிடிபட்டது. கிளாரினெட் வரும்போது மட்டும் சத்தத்தைக் குறைத்துவிடுவேன். அது யாருடைய ஞாபகத்தைக் கொண்டுவந்தது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

4

இரண்டாயிரத்து நாலில் அப்பாவைக் கூப்பிட்டேன். அம்மா போய் ஒரு வருஷம் ஆகியிருந்தது. விசா நேர்காணலுக்கு ஃபோனிலேயே பாடம் எடுத்தேன். என்ன தொழில் என்று கேட்டால் விவசாயம் என்று சொல்லச் சொன்னேன்.

"எந்த நெலத்துலடா?" என்றார்.

படிவத்தில் அப்படித்தான் இருக்கிறது, மாற்றினால் வம்பு என்றேன். சரி என்றார். விசா கிடைத்த அன்று அவரே கூப்பிட்டு, "அந்தம்மா இன்னா பயிருன்னு கேட்டுச்சி. நெல்லுன்னேன். துன்றது அதானே" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். அறுபது வயது மனிதரை, நாற்பது வருஷம் வாசித்த வாத்தியத்தை மறைக்கச் சொல்லி மனப்பாடம் பண்ண வைத்தோமே என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை.

கிளாரினெட்டை எடுத்து வர வேண்டாம் என்று சொல்லியிருந்தேன். துண்டில் சுற்றி எடுத்து வந்துவிட்டார்.

விமான நிலையத்திலிருந்து வரும்போது காரில் அந்த ஆல்பம் ஓடியது. அப்பா வெளியே ரோட்டைப் பார்க்கவே இல்லை. கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டே வந்தார். மூன்றாவது பாட்டில் ஒருவர் தாளத்தை விட்டுச் சற்றுப் பின்தங்கிப் பாடுவார். அது அவர்களுடைய பாணி. அப்பாவுக்கு அது பொறுக்கவில்லை.

"இன்னாடா இவரு, பாட்டு ஒரு பக்கம் போவுது, இவரு ஆடி அசைஞ்சி பின்னாடி வந்துகினு கீறாரு."

அது வேண்டுமென்றே பாடுவது, ஸ்டைல் என்று விளக்கினேன்.

"ஸ்டைலோ இன்னாவோ. கிளாரினெட்காரரு மட்டும் இல்லன்னா இவரு மானம் போயிருக்கும். எப்பிடி உட்டுக் குடுக்காம கூட்டினு போறாரு பாரு."

ஆரணிக் கல்யாணங்களில் பார்த்திருப்பீர்கள். ஊர்வலம் நடுவில் பெண்ணுக்கு மாமாவோ மாப்பிள்ளைக்குச் சித்தப்பாவோ மைக்கைப் பிடுங்கிக்கொண்டு பாட ஆரம்பிப்பார். சுருதியும் இருக்காது, தாளமும் இருக்காது. அப்பா அவர் போகிற இடத்துக்கெல்லாம் பின்னாலேயே போய், கிளாரினெட்டால் அணைத்துப் பிடித்து, பாட்டுக்குள் கொண்டுவந்து விட்டுவிடுவார். கேட்கிறவர்களுக்கு மாமா பாட்டுப் பாடினார் என்றுதான் தோன்றும். பேண்டு செட்டில் இதற்காகவே அப்பாவைத் தேடி வருவார்கள். அட்டைப்படத்து மனிதரும் அந்த வேலையைத்தான் செய்கிறார் என்று முதல் நாளே கண்டுபிடித்துவிட்டார்.

அதற்கப்புறம் மூன்று மாதம் வீட்டில் அதே ஆல்பம்தான். நானும் மாலதியும் வேலைக்குப் போய்விடுவோம். பள்ளி விடுமுறை என்பதால் எட்டு வயது நித்யாவும் அப்பாவும் மட்டும் இருப்பார்கள். இவளுக்குத் தமிழ் அரைகுறை, அவருக்கு இங்கிலீஷ் இல்லை. ஆனாலும் நாள் முழுக்கப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

5

ஆகஸ்டில் ஒரு சனிக்கிழமை வால்ட்டர் எங்களை மதியச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டார். மாலதிக்கு அன்று வேலை. அப்பா, நான், நித்யா மூன்று பேர் போனோம். அப்பாவின் கைப்பை கனமாக இருந்ததை நான் கவனித்திருக்க வேண்டும்.

சாப்பிட்டு முடித்ததும் வால்ட்டர் அந்த ஆல்பத்தையே போட்டார். மூன்றாவது பாட்டு வந்ததும் அப்பா பையிலிருந்து கிளாரினெட்டை எடுத்து, சீவாளியை நாக்கில் ஈரம் பண்ணி, எழுந்து நின்று கூடவே வாசித்தார். ஆல்பத்தில் இருந்தவர் விட்ட இடங்களில் மட்டும் வாசித்தார். வால்ட்டரின் மனைவி குழாயை மூடிவிட்டு, ஈரக் கையோடு சமையலறை வாசலில் வந்து நின்றார். பாட்டு முடிந்ததும் வால்ட்டர் ஆல்பத்தை நிறுத்தினார். பிறகு, இவர் ஊரில் எங்கே வாசிக்கிறார், கேள் என்றார்.

கேட்டேன். அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். தன்னைப் பற்றி அவர் பெருமையாகப் பேசி நான் கேட்டது வாழ்க்கையில் அந்த ஒரு தடவைதான்.

"கல்யாணத்துக்கும் போவேன்னு சொல்லு. ஆனா சாவுக்கு வாசிக்கறதுதான் என் தொழிலு. அதுல என்ன மாதிரி வாசிக்க எங்க பக்கம் ஆள் இல்லன்னு சொல்லு."

நான் வால்ட்டரிடம் சொன்னேன்: "கல்யாணங்களிலும் டெம்பிளிலும் வாசிப்பாராம்."

ஏன் அப்படிச் சொன்னேன் என்று எத்தனையோ முறை என்னையே கேட்டிருக்கிறேன். அந்த வீட்டில் தமிழர் யாரும் இல்லை. பட்டுப் புடவை கேட்டவர்கள் இல்லை. ஊரில் என்னைப் பேண்டுக்காரன் மகன் என்று கூப்பிட்டவர்கள் இல்லை. பயப்பட ஒரு முகாந்திரமும் இல்லை. இருந்தும் வாய் தானாகப் பொய் சொன்னது. அவ்வளவு நாள் பழக்கம்.

அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். டெம்பிள் என்ற சொல் அவருக்குத் தெரியும். நம் பக்கத்துத் திருமலை ஜைனக் கோயிலுக்கு வருகிற வெள்ளைக்காரர்கள் வழி கேட்கிற சொல் அதுதானே. ஒரு கணம்தான் பார்த்தார். பிறகு வால்ட்டர் பக்கம் திரும்பி, தலையை ஆட்டி, "எஸ் சார். டெம்பிள்" என்றார்.

வால்ட்டர் லேசாக ஏமாந்த மாதிரி இருந்தது. அவர் சொன்னார்: "என் தாய்மாமாவும் கிளாரினெட்தான். எங்கள் ஊரில் சாவு ஊர்வலத்தில் முன்னால் நடந்து வாசிப்பார். போகும்போது மெதுவாக, திரும்பும்போது ஆட்டத்தோடு. அவர் வாசித்துக்கொண்டு வந்தால் தெருவே எழுந்து நிற்கும். எங்கள் பேட்டையில் அவரை விடப் பெரிய மனுஷன் கிடையாது. உன் அப்பா வாசித்ததைக் கேட்டதும் என் மாமாதான் கண் முன்னால் வந்து நின்றார். உன் அப்பாவிடம் இதைச் சொல்."

சொல் என்றார். அப்பா என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். இதைச் சொன்னால் அவர், பின்ன நீ ஏண்டா அப்படிச் சொன்ன, மாத்திச் சொல்லு என்பார். அந்த மேஜையிலேயே நான் மாட்டிக்கொள்வேன்.

"அவர் மாமாவும் கிளாரினெட் வாசிப்பாராம், நைனா," என்றேன். அவ்வளவுதான் சொன்னேன்.

முதல் பொய்யைக்கூட ஒருவேளை மன்னித்துவிடலாம். இரண்டாவதை என்னால் மன்னிக்க முடியவில்லை. என் அப்பா தன் ஆயுளில் கேட்டிருக்க வேண்டிய ஒரு வார்த்தை, எட்டாயிரம் மைல் தாண்டி வந்து, ஒரு மேஜை தூரத்தில் அவருக்காகக் காத்திருந்தது. நான் அதை நடுவில் நின்று விழுங்கிவிட்டேன்.

6

திரும்பும்போது வெயில் இன்னும் பளீரென்று இருந்தது. நித்யா பின் சீட்டில் தலையைச் சாய்த்துத் தூங்கினாள். நான், இங்கே எல்லாவற்றையும் சொன்னால் புரியாது, அதனால்தான் அப்படிச் சொன்னேன் என்று ஏதோ உளறினேன்.

"உடு" என்றார் அப்பா. கொஞ்ச தூரம் போனதும், ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "பாடறவங்க தப்பினா நாம காட்டிக் குடுக்கக் கூடாதுடா. கூடவே போயி கொணாந்து உட்டுடணும்."

கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். சாதாரணமாகத்தான் சொன்னார்.

ஊருக்குப் போகும்போது அந்த ஆல்பத்தைக் கேட்டு வாங்கிப் போனார். ஞாயிறுதோறும் ஃபோன் பேசினேன். ஒவ்வொரு ஞாயிறும் வால்ட்டர் சொன்னதைச் சொல்லிவிட வேண்டும் என்று நினைப்பேன். மழை பெய்ததா, மாத்திரை போட்டாயா என்று கேட்டுவிட்டு வைத்துவிடுவேன். அடுத்த வருஷம் மார்பு வலி என்று வேலூருக்குக் கொண்டுபோனார்கள். நான் விமானம் ஏறுவதற்குள் முடிந்துவிட்டது.

ஆரணியில் அவர் செட்டு ஆட்கள் அத்தனை பேரும் கோட்டு போட்டு வந்திருந்தார்கள். தூக்கிக்கொண்டு புறப்பட்டபோது அவர்கள் வாசித்தது எனக்குப் புரிய ஒரு நிமிஷம் பிடித்தது. அந்த ஆல்பத்தின் மூன்றாவது பாட்டு. நம் டிரம்முக்கும் நம் நடைக்கும் ஏற்ற மாதிரி மாற்றியிருந்தார்கள். எல்லாம் முடிந்த பிறகு, அப்பாவோடு முப்பது வருஷம் டிரம் அடித்த ஏழுமலை அண்ணன் என்னிடம் வந்தார்.

"இது அமெரிக்காவுல சாவுக்கு வாசிக்கிற பாட்டாமே தம்பி? உங்க நைனா சொல்லிகினே இருப்பாரு. அங்கயும் நம்ப மாதிரி ஆளுங்க கீறாங்களாம். அவங்க வந்தா தெருவே எழுந்து நிக்குமாம்."

தெருவே எழுந்து நிற்கும் என்று நான் அப்பாவிடம் சொல்லவே இல்லையே. அவருக்கு எப்படித் தெரிந்தது? கேட்க நினைத்தேன். கேட்டால் நான் சொல்லாமல் விட்டதும் வெளியே வரும். "ஆமாண்ணே" என்று மட்டும் சொன்னேன். அந்த இடத்திலும் என் வாய் அதே வேலையைத்தான் செய்தது.

7

இன்று சாயங்காலம் நித்யா பள்ளியிலிருந்து வந்ததும் தாள் ரெடியா என்று கேட்டாள். அவளை எதிரே உட்கார வைத்தேன். தாத்தா கோயிலில் வாசிக்கவில்லை என்று ஆரம்பித்தேன்.

"தெரியும் டாடி" என்றாள்.

வால்ட்டர் வீட்டில் அன்று இரண்டு மொழியும் தெரிந்த ஆள் நான் ஒருவன்தான் என்று நாலு வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தேன். மேஜையின் மறுகோடியில் ஐஸ்கிரீம் சாப்பிட்டுக்கொண்டிருந்த பெண்ணை நான் கணக்கிலேயே சேர்க்கவில்லை.

அவள் பாதி இங்கிலீஷில் சொன்னாள். சாவு என்ற சொல் மட்டும் அவளுக்கு அன்று புரியவில்லையாம். அடுத்த நாள் தாத்தாவிடம் கேட்டாளாம். அவர் கண்ணை மூடிப் படுத்துக் காட்டினாராம். அதன் பிறகு, வால்ட்டர் தன் மாமாவைப் பற்றிச் சொன்னதை டாடி சொல்ல மறந்துவிட்டார் என்று நினைத்து, தெரிந்த தமிழில் இவளே சொல்லியிருக்கிறாள்.

"தாத்தா என்ன சொன்னார்?"

"அந்த ஸ்ட்ரீட் எழுந்து நிக்கறத மட்டும் மறுபடி மறுபடி சொல்லச் சொன்னாங்க. அப்புறம், டாடிகிட்ட இதெல்லாம் கேக்காதேன்னாங்க."

அதற்கப்புறம் அவள் சொன்ன ஒரு வாக்கியம், அவள் வாயில் எப்போதும் வராத சுத்தமான ஆரணிப் பேச்சில் வந்தது. அவரிடம் கேட்டதை அப்படியே வைத்திருந்திருக்கிறாள்.

"பாடறவங்க தப்பினா நாம காட்டிக் குடுக்கக் கூடாது."

அதனால்தான் தாளிலும் டெம்பிள் என்றே எழுதியிருக்கிறாள். மிஸ்டர் வால்ட்டர் படிப்பார் இல்லையா என்றாள், நான்தான் அதை யோசிக்காதவன் மாதிரி. அப்பாவுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. நான் விழுங்கியதும் தெரிந்திருக்கிறது. ஒரு வருஷம் ஞாயிறுதோறும் மழையைப் பற்றியும் மாத்திரையைப் பற்றியும் என்னோடு பேசியிருக்கிறார். அவர் போன பிறகு அந்த வேலையை இந்தப் பன்னிரண்டு வயதுப் பெண் எடுத்துச் செய்துகொண்டிருக்கிறாள்.

பேனாவை எடுத்து டெம்பிள் என்ற சொல்லை அடித்தேன். அடித்த இடத்தில் சின்னதாக என் கையெழுத்தைப் போட்டேன். அதன் மேல், அன்று அந்த மேஜையில் அப்பா சொல்லச் சொன்னதை, நாலு வருஷம் கழித்து, ஒரு வார்த்தை விடாமல் இங்கிலீஷில் எழுதினேன். "என் தாத்தா கல்யாணத்துக்கும் போவார். ஆனால் சாவுக்கு வாசிப்பதுதான் அவர் தொழில். அதில் அவரைப் போல் வாசிக்க அந்தப் பக்கம் ஆள் இல்லை."

நித்யா தாளை வாங்கி இரண்டு முறை படித்தாள்.

"ஷ்யூரா, டாடி?" என்றாள்.